பழைய பாலத்தை நடக்கவும் சைக்கிளுக்கும் திறக்கப் போகிறீர்களா? மேலே தொடாதீர்கள், கீழேயிருந்து வாருங்கள்

"இனிமேல் பஸ்ஸும் லாரியும் போகாது, ஆட்கள்தானே நடக்கப் போகிறார்கள், தாங்காதா?" என்ற நினைப்போடு வேலையை ஆரம்பிக்காதீர்கள். நடைபாலத்துக்கு நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ. 3 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம் என்றால் 75 டன்! அதே இடத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினாலும் இவ்வளவு எடை வராது.

குஜராத்தின் மோர்பி தொங்குபாலம் பழுதுபார்த்துத் திறந்த சில நாட்களிலேயே, 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து 135 பேர் இறந்தார்கள். நடப்பதற்கு மட்டுமேயான பாலம் அது. மரப்பலகையை எடுத்துவிட்டு அலுமினியத் தளம் போட்டிருந்தார்கள், அதில் எடையும் கூடியது. ஆனால் அந்த எடையைச் சுமந்த பழைய வடத்தை மாற்றவில்லை. அறுந்த வடத்திலிருந்த 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்துப் போயிருந்ததாக விசாரணைக் குழு சொன்னது. கண்ணுக்குத் தெரிகிற தளத்தை முதலில் புதுசாக்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

அதனால் முதல் பணம் ஆய்வுக்குத்தான். பழைய பாலங்களில் அனுபவமுள்ள கட்டமைப்பு இன்ஜினியரைப் பிடியுங்கள். ஆற்றுப் பாலமாக இருந்தால் தூண்களின் அடியில் மண்ணரிப்பு இருக்கிறதா என்று முக்குளிப்பவர்களை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளம் வரும்போது பாலங்கள் விழுவதற்கு முக்கியக் காரணம் இந்த அரிப்புதான், மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அப்புறம் உடம்பு. கல், செங்கல் வளைவு என்றால் இணைப்புகளை அடைக்கச் சுண்ணாம்புக் காரைதான், சிமென்ட் வேண்டவே வேண்டாம். பழைய கல்லைவிட சிமென்ட் கெட்டி, ஈரத்தை வெளியே விடாது, கடைசியில் கல்லின் முகமே பொரிந்து உதிரும். இரும்புப் பாலமாக இருந்தால் அது வார்ப்பிரும்பா, தேனிரும்பா, பழைய எஃகா என்று சிறு துண்டு எடுத்துச் சோதிக்காமல் வெல்டிங் மெஷினை உள்ளே விடாதீர்கள், ஏனென்றால் வார்ப்பிரும்பு சூட்டில் சட்டென்று விரிசல் விடும், பழைய எஃகும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் மூடாமல் சுரண்டினால் அந்தத் தூள் ஆற்றுக்கும் வேலையாட்களின் நுரையீரலுக்கும் போகும்.

ஆட்டத்தையும் கணக்கில் எடுங்கள். மனிதர்கள் நடக்கும்போது நொடிக்குச் சுமார் இரண்டு தடவை காலை எடுத்து வைக்கிறார்கள், பாலத்தின் இயல்பான அதிர்வும் அதற்குப் பக்கத்தில் இருந்தால் அது ஆட ஆரம்பிக்கும். லண்டன் மில்லேனியம் பாலம் புதிதாகக் கட்டியதுதான், 2000இல் திறந்தவுடனே பக்கவாட்டில் ஆடியதால் மூடி, அதிர்வடக்கிகள் பொருத்தி 2002இல்தான் மறுபடி திறந்தார்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகே தளம். பலகைகளைக் குறுக்காகப் போடுங்கள். நீளவாக்கில் போட்டால் இடைவெளியில் சைக்கிள் டயர் மாட்டும். மழையில் வழுக்காத மேற்பரப்பு வேண்டும், தண்ணீர் தேங்காமல் வடியவும் வேண்டும். இருபுறமும் ஏறும் சரிவு 1:20க்கு (20 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) மேல் செங்குத்தாகாமல் இருந்தால் சக்கர நாற்காலியும் சிரமமில்லாமல் வரும்.

கைப்பிடியில்தான் பெரும்பாலும் சண்டை வரும். பழையது தாழ்வாக இருக்கும், சைக்கிளில் போகிறவருக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் உயரம் தேவை. அதற்காகப் பழைய கிராதியை அறுத்து எறியாதீர்கள்! அதை அப்படியே விட்டு, உள்பக்கம் கொஞ்சம் தள்ளி மெல்லிய புதுக் கம்பித் தடுப்பு வையுங்கள், சின்னக் குழந்தையின் தலை நுழையாத இடைவெளியில். பிற்காலத்தில் கழற்றினாலும் பழைய வேலைப்பாட்டில் ஒரு கீறல் இருக்கக் கூடாது.

திறப்பதற்கு முன் எடை வைத்துச் சோதித்து, தாங்கும் ஆள் எண்ணிக்கையை இரண்டு முனையிலும் பெரிதாக எழுதி வையுங்கள். திறப்பு விழா அன்று அந்தக் கணக்கைப் பார்க்க இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும், ஏனென்றால் பாலம் தன் வாழ்நாளிலேயே அதிகச் சுமையைப் பார்க்கப் போவது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.