ஊருணிச் சேற்றைத் தானாகத் தேறவிடும் முறை

சாக்கடையும் பட்டறைக் கழிவும் கலந்து ஓர் ஊருணி கெட்டுவிட்டால், பொக்லைனை இறக்கித் தூர்வாருவதே செட்டிநாட்டு ஊர்களில் முதலில் எழும் யோசனை. ஆனால் அடிச்சேற்றைக் கலக்கினால், அதில் அடங்கிக் கிடந்த நஞ்சு மறுபடியும் நீரில் ஏறும். கழிவு வரத்து நின்றுபோன ஊருணியைத் தோண்டாமல் விட்டால், மழைநீரோடு வந்து படியும் புதிய வண்டல் பழைய சேற்றை மூடும். எண்ணெய் போன்ற கழிவுகளை நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைக்கும். காற்றுப் புகாத சேற்றில் ஈயமும் செம்பும் துத்தநாகமும் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாக மாறும். அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆற்றில் கெப்போன் என்னும் பூச்சிக்கொல்லி கலந்தது 1975-இல் வெளிப்பட்டபோது, ஆற்றடி முழுவதையும் தோண்டாமல் வண்டல் மூடுவதற்கே விட்டார்கள். மீன்பிடித் தடையோ 10 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. அந்தப் பொறுமை இல்லாத ஊர் இம்முறையைத் தொடங்க வேண்டாம்.

முதல் வேலை, ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்காலில்தான். ஐப்பசி மழைக்கு முன் அதன் முழு நீளமும் நடந்து, கழிவு நுழையும் வாய்களை எல்லாம் அடைக்க வேண்டும். ஒன்று திறந்திருந்தாலும், மேலே படிவது புதிய நஞ்சாகவே இருக்கும்.

அடுத்து, சேற்றின் அடுக்குகளைப் பார்க்க வேண்டும். இரண்டு அங்குல பிவிசி குழாயைப் பரிசலிலிருந்து செங்குத்தாகச் சேற்றில் அழுத்தி, மேல்வாயை இறுக மூடி உருவினால், அடுக்குக் கலையாமல் சேறு வரும். கரைக்கு வரும்வரை குழாயைச் சாய்க்கக் கூடாது. அடியிலிருந்து கட்டையால் தள்ளி, மேலிருந்து 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஆழத்தைக் குறித்துத் தனித்தனியே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உரத் தேவைக்கு எடுக்கும் வழக்கமான மண் பரிசோதனை இதற்கு உதவாது. ஈயம், குரோமியம், பாதரசம், எண்ணெய் எனப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மேல்துண்டுகளில் அளவு குறைந்து, கீழே கூடியிருந்தால் ஊருணி தேறத் தொடங்கியிருக்கிறது. மேலேயே மிகுதியாக இருந்தால் கழிவு இன்னும் எங்கிருந்தோ வருகிறது என்று கொண்டு, வரத்துக்காலுக்குத் திரும்புங்கள்.

நம் பகுதியில் பெரிதும் யோசிக்க வேண்டியது கோடைதான். கந்தகத்தோடு பிணைந்த உலோகம் நீருக்கடியில் இருக்கும்வரைதான் அடங்கியிருக்கும். சேறு காய்ந்து வெடித்துக் காற்றுப் பட்டால் அந்தப் பிணைப்பு முறிந்து, அடுத்த மழையில் உலோகம் நீரில் கரைந்துவிடும். ஆகவே செம்பூரான்கல் படித்துறையோடு ஆண்டு முழுதும் நீர் நிற்கும் ஆழமான ஊருணிக்கு இம்முறை ஏற்கும். பங்குனியிலேயே வறண்டு, ஆடு மாடு இறங்கி, கரம்பை அள்ளப்படும் கண்மாய்க்கு, உலோகக் கழிவு இருக்கும் நிலையில், இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குடிநீர் எடுக்கும் ஊருணிக்கும் அப்படியே.

விட்டுவைக்க முடிவு செய்தால், இழுவலை, சிலை கரைப்பு, மண் அள்ளுதல் மூன்றையும் ஊர்க்கூட்டத்தில் தடுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடங்களில் குழாய் இறக்குங்கள். விரால், கெளுத்தி மீன்களின் தசையையும் சோதியுங்கள். மீனில் அளவு குறைந்து, பாதுகாப்பு வரம்புக்குள் வரும்வரை யாரும் அதை உண்ணக் கூடாது. சில ஆண்டுகள் கடந்தும் மேல்துண்டின் அளவு இறங்காவிட்டால் தூர்வாரித்தான் ஆக வேண்டும். அப்போது அள்ளும் சேற்றை, இலவசமாகக் கிடைக்கிறதே என்று எவரும் வயலுக்குக் கொண்டுபோகாதபடி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்டு அவர்கள் காட்டும் இடத்திலேயே கொட்ட வேண்டும்.