எய்தவன் எந்த சிகுரூப்? டிஸ்கில் எழுத வைத்தவரைப் பிடிப்பது எப்படி

சர்வர் திணறுகிறது, டிஸ்கை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று காட்டும் ஐஓடாப்பை ஓட்டிப் பார்த்தால் பட்டியலின் தலையில் கெர்னலின் சொந்த வேலையாளான கேவொர்க்கர் நிற்கிறது, அதன் வாலில் ஃப்ளஷ்-8:0 என்று ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் திட்டிப் பயனில்லை, எய்தவன் இருக்க அம்பை நோகும் கதைதான் அது.

லினக்ஸில் ஒரு ப்ராசஸ் கோப்பில் எழுதினால் பெரும்பாலும் அந்த நொடியில் டிஸ்க் அசைவதே இல்லை. தரவு பேஜ் கேச்சில் (கோப்புத் தரவுக்காக கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) போய் உட்கார்கிறது, அந்த நினைவகப் பக்கத்தின் மேல் டர்ட்டி, அதாவது இன்னும் டிஸ்குக்குப் போகாதது, என்று முத்திரை விழுகிறது, ப்ராசஸ் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. ஃப்ளஷர் (மேலே பார்த்த கேவொர்க்கர்தான்) 5 விநாடிக்கு ஒருமுறை எழுந்து 30 விநாடிக்கு மேல் பழசான டர்ட்டி பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பும் (கெர்னலோடு வரும் அளவுகள் இவை; பக்கங்கள் எக்கச்சக்கமாகக் குவிந்தால் அதற்கு முன்பே கிளம்பிவிடும்). எழுத வைத்தவன் அதற்குள் செத்தே போயிருக்கலாம்.

சிகுரூப் என்பது ப்ராசஸ்களைக் குழுவாக்கி அவற்றின் நினைவகம், டிஸ்க் பயன்பாட்டைக் கணக்கு வைக்கும் லினக்ஸ் வசதி. அதன் பதிப்பு 1-ல் இதனால்தான் கணக்கு கெட்டது. டிஸ்குக்கு அனுப்பியது யார் என்று மட்டுமே அது பார்க்கும், அனுப்பியது ஃப்ளஷர், ஆகவே எல்லாம் ரூட் சிகுரூப் தலையில் விழும். 2015-ல் வந்த 4.2 கெர்னலில் டேஜுன் ஹியோ இதைச் சரிசெய்தார்: ஒவ்வொரு பக்கமும் எந்த சிகுரூப்பின் நினைவகக் கணக்கில் இருக்கிறது என்பது கெர்னலுக்கு முன்பே தெரியும், அதையே டிஸ்க் கணக்குக்கும் பயன்படுத்தினால் போதும். ஆனால் இது பதிப்பு 2-ல் மட்டும்தான் வேலை செய்யும்.

ஆகவே முதல் வேலை, உங்களிடம் இருப்பது எது என்று பார்ப்பது. /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் கோப்புறைக்குள் நேராகவே சிகுரூப்.கன்ட்ரோலர்ஸ் என்ற கோப்பு இருந்தால் பதிப்பு 2. பிஎல்கேஐஓ, மெமரி என்று தனித்தனிக் கோப்புறைகள் இருந்தால் பழசு, அங்கே இந்த வழி செல்லாது. அப்புறம், நீங்கள் கவனிக்கப்போகும் சிகுரூப்பின் தாய்க் கோப்புறையில் சிகுரூப்.சப்ட்ரீ_கன்ட்ரோல் கோப்பைத் திறந்து மெமரி, ஐஓ இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐஓ மட்டும் போட்டாலும் கெர்னல் மெமரியை மறைவாகச் சேர்த்துக்கொள்ளும், ஆனால் பின்னால் பார்க்கப்போகும் மெமரி.ஸ்டாட் கோப்பு அப்போது தெரியாது. பக்கத்தின் சொந்தக்காரர் யார் என்று சொல்வதே மெமரிதான்.

கோப்பு முறைமையும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். இஎக்ஸ்டி2, இஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ், எஃப்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் ஒத்துழைக்கின்றன.

சரி, இனி எண்களைப் படிக்கலாம். ஒவ்வொரு சிகுரூப் கோப்புறையிலும் ஐஓ.ஸ்டாட் இருக்கும், டிஸ்குக்கு ஒரு வரி, 8:0 போன்ற சாதன எண்ணோடு. அதில் டபிள்யூபைட்ஸ் என்பது எழுதிய பைட்டுகள். அது தொடக்கத்திலிருந்து கூடிக்கொண்டே போகும் எண், எனவே ஒருமுறை பார்த்துப் பயனில்லை; ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுத்துக் கழியுங்கள். 10 விநாடியில் கழித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள், அந்த 30 விநாடித் தாமதம் நினைவிருக்கட்டும். தாயின் எண்ணில் பிள்ளைகளுடையதும் அடங்கும், ஆகவே மேலிருந்து தொடங்கி எண் எங்கே பெரிதோ அந்தக் கிளையில் இறங்கிக்கொண்டே போனால் ஆள் சிக்குவான். எல்விஎம் (நிஜ டிஸ்குகளுக்கு மேல் மெய்நிகர் டிஸ்க் அமைக்கும் அடுக்கு) இருந்தால் அதன் சாதனத்துக்கு ஒரு வரி, அடியிலுள்ள நிஜ டிஸ்குக்கு ஒரு வரி என்று ஒரே எழுத்து இரண்டு முறை தெரியும், கூட்டிவிடாதீர்கள்.

டிஸ்குக்குப் போகும் முன்பே தெரிய வேண்டுமா? மெமரி.ஸ்டாட் கோப்பில் ஃபைல்_டர்ட்டி என்ற வரி அந்தக் கணத்தில் அந்த சிகுரூப்பின் பெயரில் எவ்வளவு காத்திருக்கிறது என்று காட்டும். எனக்குப் பிடித்த கோப்பு இதுதான், எந்தக் கருவியும் நிறுவ வேண்டாம்.

இத்தனைக்கும் மேல் சந்தேகம் வந்தால்தான் பிபிஎஃப்டிரேஸ், ஓடும் கெர்னலுக்குள் நடப்பதை எண்ணிக் காட்டும் கருவி. ரைட்பேக்_டர்ட்டி_ஃபோலியோ என்ற டிரேஸ்பாயின்ட்டில், அதாவது கெர்னலுக்குள் உள்ள கண்காணிப்புப் புள்ளியில் (பழைய கெர்னலில் வால் ஃபோலியோ அல்ல, பேஜ்) ப்ராசஸ் பெயரையும் சிகுரூப் எண்ணையும் வைத்து எண்ணச் சொல்லுங்கள். பக்கம் டர்ட்டி ஆகும் அதே கணத்தில், ஆக்கிய ப்ராசஸின் கையிலேயே இது பிடிக்கிறது, ஃப்ளஷர் குறுக்கே வர வழியில்லை. கிடைக்கும் சிகுரூப் எண் வேறொன்றுமில்லை, அந்தக் கோப்புறையின் ஐநோடு எண் (கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் தரும் அடையாள எண்), ஃபைன்ட் கட்டளையில் ஐநம் கொடுத்துத் தேடினால் பாதை வந்துவிடும். ஏற்கெனவே டர்ட்டியாக இருக்கும் பக்கத்தில் மறுபடி எழுதினால் எண்ணிக்கை ஏறாது. பேஜ் கேச்சைத் தொடாமல் நேரடியாக டிஸ்கில் எழுதும் டேட்டாபேஸ்கள் இங்கே தெரியவே தெரியா, ஆனால் ஐஓ.ஸ்டாட்டில் தெரியும்.

ஐஓ.ஸ்டாட்டும் பிபிஎஃப்டிரேஸும் ஒத்துப்போகாத இடம்தான் சுவாரஸ்யம். ஒரு சர்வரில், வேலையே கோப்புகளைப் படிப்பதாக இருந்த பேக்கப் கன்டெய்னரின் ஐஓ.ஸ்டாட்டில் டபிள்யூபைட்ஸ் தாறுமாறாக ஏறியது. பேக்கப் ஸ்கிரிப்டை வரிவரியாகத் துருவினேன், ஒரு எழுத்துகூட டிஸ்கில் எழுதவில்லை. பிபிஎஃப்டிரேஸ் போட்டதும் வேறு கதை வந்தது: பக்கங்களை டர்ட்டி ஆக்கியவன் பக்கத்துக் கன்டெய்னரில் இருந்த டேட்டாபேஸ். நடந்தது இதுதான். ஒரு பக்கத்தை முதலில் கேச்சுக்குள் கொண்டு வருபவன் பெயரில்தான் அது பதிவாகிறது, அதன்பின் யார் அதில் எழுதினாலும் பெயர் மாறாது. ரீபூட் ஆன கையோடு பேக்கப் முதலில் ஓடி டேட்டாபேஸ் கோப்புகளை எல்லாம் கேச்சில் ஏற்றியிருக்கிறது, பின்னால் வந்த டேட்டாபேஸ் அதே பக்கங்களில் எழுத, பில் பேக்கப்புக்குப் போனது. போதாக்குறைக்கு ஒரு ஐநோடுக்கு, அதாவது ஒரு கோப்புக்கு, ஒரு நேரத்தில் ஒரே சிகுரூப்தான் எழுத்துப் பொறுப்பாளி. பக்கங்களில் பெரும்பான்மை யாருடையதோ அவர் பக்கம் அது சாய்ந்துவிடும், கோப்பில் தனக்கென்று சில பக்கங்கள் இருந்தும் டேட்டாபேஸ் கணக்கில் அவை சரியாக ஏறவில்லை.

பேக்கப்பின் சிகுரூப்புக்கு ஐஓ.மேக்ஸ் கோப்பில் டிஸ்க் வேக வரம்பு வைக்கலாம் என்று அப்போது ஒரு யோசனை வந்தது. வைத்திருந்தால் டேட்டாபேஸின் எழுத்துதான் நெரிபட்டிருக்கும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு கோப்பையும் படித்து முடித்ததும் எஃப்அட்வைஸ் என்ற சிஸ்டம் கால் மூலம் அதன் பக்கங்களைக் கேச்சிலிருந்து இறக்கிவிடும்படி பேக்கப் ஸ்கிரிப்டை மாற்றினேன், டேட்டாபேஸின் எண்கள் அதன் பெயருக்கே திரும்பின.