கொலாஜன் குறையவில்லையா? முதலில் மீடியம் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள்

புதுச்சேரியில் முதுகலை மாணவர்களின் புராஜெக்ட் காலம் வந்தால் யாராவது ஒருவர் ஆக்சிஜனேற்ற அழுத்தம் (செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் சேர்மங்களின் மிகை) தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனைக் குறைக்கிறதா என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு எங்கள் சோதனைக்கூடத்துக்கு வருகிறார். பூஞ்சை பிடிப்பது, செல்களைத் தப்பாக எண்ணுவது பற்றியெல்லாம் எந்தக் கையேடும் சொல்லும். அவற்றை விட்டுவிட்டு, இந்தச் சோதனையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பைருவேட் இருக்கும் மீடியத்தில் பெராக்சைடை விடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. தோலில் கொலாஜனை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கு அழுத்தம் கொடுக்கப் பெரும்பாலோர் ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் எடுக்கிறார்கள். செல்கள் வளர்வதோ டி.எம்.இ.எம். என்ற மீடியத்தில், அதாவது ஊட்டத் திரவத்தில். அதன் பல வகைகளில் லிட்டருக்கு 110 மில்லிகிராம் சோடியம் பைருவேட் இருக்கிறது; அதாவது 1 மில்லிமோலார். பைருவேட்டும் பெராக்சைடும் ஒன்றுக்கு ஒன்று வினைபுரிந்து அசிட்டேட், கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் என முடிந்துவிடும். நீங்கள் விடும் 200 மைக்ரோமோலாரை (0.2 மில்லிமோலார்) போல ஐந்து மடங்கை அது விழுங்கும். போதாக்குறைக்கு மீடியத்தில் சீரமும் (செல் வளரச் சேர்க்கும் இரத்த ஊநீர்) இருந்தால், அதிலுள்ள கேட்டலேஸ் நொதி தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும்.

கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன ஒரு மாணவி, "மேடம், கொலாஜன் குறையவே மாட்டேன் என்கிறது" என்று வந்து நின்றார். அளவை 400, 800 என்று ஏற்றிக்கொண்டே போயிருந்தார். பைருவேட்டின் அளவைத் தாண்டிய அன்று பிளேட் முழுவதும் செல்கள் உருண்டு மிதந்தன. "அந்தப் பாட்டிலைக் கொண்டு வா அம்மா" என்றேன். லேபிளின் ஓரத்தில், பொடி எழுத்தில், சோடியம் பைருவேட். அதற்குள் அந்தப் பருவத்துக்கென்று வாங்கிய விலை உயர்ந்த சீரத்தில் பெரும்பகுதி தீர்ந்திருந்தது.

பைருவேட்டும் சீரமும் இல்லாத மீடியத்துக்குச் செல்களை மாற்றிப் பெராக்சைடு கொடுங்கள். குறித்த நேரம் கழிந்ததும் கழுவிவிட்டு வழக்கமான மீடியத்துக்குத் திருப்புங்கள். பழைய பெராக்சைடு பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் சதவீதத்தையும் நம்பாதீர்கள். 240 நானோமீட்டரில் அளந்து, 43.6 என்ற மோலார் உட்கவர் குணகத்தைக் கொண்டு கணக்கிடுங்கள். பிளேட்டின் எல்லாக் கிணறுகளிலும் (செல் வளரும் குழிகளிலும்) செல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும். செல்கள் நெருங்கி வளர்ந்த கிணற்றில் ஒவ்வொரு செல்லுக்கும் கிடைக்கும் பெராக்சைடு குறைவு.

மூலிகைச் சாற்றையும் பெராக்சைடையும் சேர்த்து ஊற்றுவது

ஆவாரம்பூச் சாறு செல்லைக் காத்தது என்று எழுதுகிறார்கள். இரண்டும் மீடியத்திலேயே வினைபுரிந்திருந்தால் செல்லுக்குள் நடந்தது என்ன என்று எப்படிச் சொல்வது? முதலில் சாறு, பிறகு கழுவுதல், அதன் பிறகே பெராக்சைடு. தாவரச் சாறுகளில் இருக்கும் பாலிஃபீனால்கள் சில மீடியத்தில் தாமாகவே பெராக்சைடை உண்டாக்கும் என்பதையும் உயிர்வேதியியலாளர் பாரி ஹாலிவெல் குழுவினர் 2000ஆம் ஆண்டிலேயே காட்டியிருக்கிறார்கள். செல்லே இல்லாத கிணறு ஒன்றையும் கூடவே வையுங்கள்.

வைட்டமின் சி-யை மறப்பது

டி.எம்.இ.எம்.மில் அது கிடையாது. கொலாஜனில் உள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றும் நொதிக்கு அது வேண்டும். இல்லாவிட்டால் கொலாஜனின் முப்புரிச் சுருள் 37 டிகிரியில் உறுதியாக நிற்காது, கொலாஜன் செல்லை விட்டுச் சரியாக வெளியேறாது. அப்போது அழுத்தமே கொடுக்காத கட்டுப்பாட்டுச் செல்களிலும் கொலாஜன் குறைவாகத்தான் இருக்கும். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் மீடியத்தில் சீக்கிரம் சிதைந்து, தானும் பெராக்சைடைக் கொடுக்கும். நிலைத்து நிற்கும் அஸ்கார்பேட்-2-பாஸ்பேட்டை வாங்குங்கள்.

சிரியஸ் ரெட் நிறம் குறைந்ததும் 'உற்பத்தி குறைந்தது' என்று எழுதுவது

அந்தச் சாயம் காட்டுவது மிஞ்சியிருக்கும் கொலாஜனை மட்டுமே. அழுத்தம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது: மரபணுக்களை இயக்கும் ஏபி-1 என்ற புரதத்தின் வழியாக, கொலாஜனை வெட்டும் எம்.எம்.பி-1 நொதியைக் கூட்டுகிறது. கொலாஜன் உற்பத்தியைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா சமிக்ஞையைத் தளர்த்திப் புதிய உற்பத்தியையும் குறைக்கிறது. புரோகொலாஜனையும் (கொலாஜனின் முன்வடிவம்) எம்.எம்.பி-1ஐயும் தனித்தனியே அளக்காமல் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

எல்லாச் செல்லிலும் கொலாஜன் குறையும் என்று நினைப்பது

கல்லீரலின் ஸ்டெல்லேட் என்ற வகைச் செல்களில், அதே அழுத்தத்தால் கொலாஜன் கூடுகிறது.