கான்சாஸ் வயல்வெளியில் மான், ஃபெசன்ட் வேட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறி தவறி வேட்டையைக் கோட்டை விடுபவர்கள் குறைவு. துப்பாக்கியைத் தோளில் ஏற்றுவதற்கு முன்பே காரியத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

வேலியில் பலகை இல்லையே என்று நுழைவது முதல் தவறு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நிலம் ஏறக்குறைய முழுக்கத் தனியார் கையில் இருக்கிறது. பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். மரத்திலோ கம்பத்திலோ ஊதா வண்ணம் பூசியிருந்தால் வாய்வார்த்தை போதாது, எழுதி வாங்க வேண்டும். கேட்கும்போதே எல்லையையும் கேட்டுவிடுங்கள். அங்கே நிலக்கணக்கு ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர்; அதில் கால்பங்கு 160. அடுத்தடுத்த இரண்டு கால்பங்குகள் இரண்டு குடும்பங்களுடையதாக இருக்கலாம், நடுவில் வேலிகூட இராது. ஃபெசன்டுக்கு (கோழி இனத்து நீள்வால் பறவை) சரி என்றவர் மானைத் தன் பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதுதான் முறை. நவம்பரில் பச்சையாகத் தெரிவது புல் அல்ல, முளைத்து நிற்கும் கோதுமை. ஈரத்தில் அதன்மேல் வண்டியை ஏற்றினால் மறுவருஷம் அந்த வாசல் திறக்காது.

ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். கூட்டரசுச் சட்டம் அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பரின் துப்பாக்கிதானே என்று கையில் வாங்குவதற்கு முன் உரிமத்தை எடுத்துவிடுங்கள்.

வெள்ளைவால் மானிடம் தோற்பவர்கள் பெரும்பாலும் காற்றிடம் தோற்கிறார்கள். பரணில் இருப்பவரின் வாடை மான் வரும் பாதைக்குப் போனால், உருமறைப்பு உடுப்பு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் பயனில்லை. காலையில் வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும். மாலையில் குளிர்ந்து ஓடைப் பள்ளத்துக்கு இறங்கும். காலையில் நன்றாக அமைந்த பரண் மாலையில் காட்டிக்கொடுப்பது இதனால்தான். பவுடர் டப்பாவை ஒரு அழுத்து அழுத்தி, தூள் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பரணுக்கு நடந்து போகும் வழிக்கும் இதே கணக்குதான். மான் மேயும் வயலைக் குறுக்கே கடந்து போய் உட்காருபவர், மானைத் துரத்திவிட்டுக் காத்திருக்கிறார்.

பரணிலிருந்து விழுபவர்களில் பலர் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும்தான். பாதுகாப்புப் பட்டையை மேலே போய் மாட்டுவது தவறு. கால் தரையை விடும் முன்பே கயிற்றோடு இணைந்திருக்க வேண்டும். துப்பாக்கியைத் தோட்டா எடுத்துவிட்டுக் கயிறு கட்டித் தூக்குங்கள். துப்பாக்கியால் மான் வேட்டையாட விடும் பருவத்தில் ஆரஞ்சுத் தொப்பி, மார்பில் 100 சதுர அங்குலம், முதுகில் 100 சதுர அங்குலம் ஆரஞ்சு கட்டாயம். மானுக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடாதீர்கள். ரைஃபிள் தோட்டா ஒரு மைலையும் தாண்டும்.

சுட்டவுடன் இறங்கி ஓடுவதுதான் பெரிய தவறு. குறி, பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்சப்பையை ஒட்டிப் பின்னால். மான் நின்ற இடத்தை ஒரு புதரையோ கம்பத்தையோ அடையாளம் வைத்து மனதில் குறித்துக்கொண்டு, அரைமணி நேரம் அசையாமல் இருங்கள். பிறகு தரையைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைகட்டிய ரத்தம் என்றால் நுரையீரல். மான் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். மூன்று நான்கு மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சை கலந்து நாற்றமடித்தால் குடல். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவிடுங்கள். அடிபட்டுக் கூனிக்கொண்டு நடந்த மான் அருகிலேயே படுத்துவிடும். விரட்டினால் எழுந்து பக்கத்து நிலத்துக்குப் போய்விடும். ரத்தத் தடத்தின்மேல் மிதிக்காமல் பக்கவாட்டில் நடங்கள். வேலி தாண்டியிருந்தால் மறுபடியும் அனுமதி கேட்க வேண்டும்.

4 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் இருந்தால் தாமதம் கூடாது: வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, உள்ளே பனிக்கட்டிப் பைகளை வையுங்கள். பின்னங்கால் முட்டியின் உட்பக்கச் சுரப்பியைத் தொட்ட கத்தியால் இறைச்சியை வெட்டினால் வீச்சம் ஏறிவிடும். 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட மான் நலிவு நோய் கான்சாஸிலும் உண்டு. அதன் நோய்ப்புரதம் சமைத்தாலும் அழியாது. கையுறை போடுங்கள், தண்டுவடத்தை அறுக்காதீர்கள், பரிசோதனை முடிவு வரும்வரை சமைக்காதீர்கள்.

ஃபெசன்ட் விஷயத்தில் முதல் தவறு காரின் கதவைச் சாத்தும் சத்தம். இந்தப் பறவை பறப்பதைவிட ஓடத்தான் விரும்பும். சோளத்தட்டைக்குள் வேகமாக நேராக நடந்தால், அது முன்னால் ஓடி மறுமுனையில் கூட்டமாகக் கிளம்பும். வளைந்து வளைந்து நடந்து, இடையிடையே அரை நிமிஷம் சும்மா நில்லுங்கள். பதுங்கியிருக்கும் சேவலுக்குக் காலடிச் சத்தத்தைவிட அது நின்றுபோவதுதான் அச்சம். கூட்டமாகப் போனால் வயலின் மறுமுனையில் இருவர் மறித்து நிற்பது வழக்கம். அவர்கள் நிற்பதை மறந்து தாழப் பறக்கும் பறவையைச் சுடுவதில்தான் ஆட்கள் காயப்படுகிறார்கள். பறவைக்குக் கீழே வானம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், கூட வரும் வேட்டைநாயும் தப்பிக்கும்.

பெட்டையைச் சுடக்கூடாது. வெயிலை எதிர்த்து நடந்தால் நிறம் தெரியாது, நிழலுருவம்தான் தெரியும். கழுத்தின் வெள்ளை வளையம் கண்ணில் படும்வரை பொறுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு சேவல்தான் வரம்பு. ஃபெசன்டுக்கு 5, 6 எண் ஈயக் குண்டு பொருந்தும்; காடைக்கான எட்டாம் எண் சிறு குண்டால் சுட்டால் காயத்தோடு ஓடிவிடும். மானுக்குச் சூரியன் மறைந்து அரைமணி வரை நேரம் உண்டு, பறவைக்கு மறையும்வரைதான். இரண்டு வேட்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எடுத்துச் செல்லும் ஃபெசன்டில் ஒரு காலை வெட்டாமல் விடுங்கள். சேவல் என்பதற்கு முள்ளுள்ள அந்தக் கால்தான் சாட்சி; முழுதாக உரித்துப் பெட்டியில் அடுக்கியிருந்தால் அதிகாரியிடம் காட்ட உங்களிடம் வேறொன்றும் இருக்காது.