படகின் டிரிம் பம்ப் பழுது: முதலில் காதைக் கொடுங்கள், பிறகு ஸ்பேனரை எடுங்கள்

படகின் பின்புறம் வெளியே மாட்டப்படும் அவுட்போர்ட் எஞ்சினை ஏற்றி இறக்கும் டிரிம் பம்ப், பார்ப்பதற்கு ஒரே பெட்டியாகத் தெரிந்தாலும், உண்மையில் இரண்டு தனித்தனி அமைப்புகள் சேர்ந்தது. மேலே இருபுறமும் சுழலக்கூடிய 12 வோல்ட் மோட்டார் இருக்கிறது. கீழே சிறிய கியர் பம்பும் வால்வுகளும் எண்ணெய்த் தொட்டியும் இருக்கின்றன. மோட்டார் ஒரு திசையில் சுழன்றால் எண்ணெய் பிஸ்டனின் அடிப்பக்கம் பாய்ந்து எஞ்சினைத் தூக்குகிறது; எதிர்த்திசையில் சுழன்றால் மறுபக்கம் பாய்ந்து இறக்குகிறது. கோளாறு மின்சாரத்தில் இருக்கிறதா, எண்ணெயில் இருக்கிறதா என்பதை முடிவு செய்யாமல் எதையும் கழற்றக் கூடாது. நல்ல பம்பைக் கழற்றிப் புதியதைப் பொருத்திய பிறகு, களிம்பு பிடித்த ஒரு வயர் முனைதான் குற்றவாளி என்று தெரிய வருவது இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கிறது.

எந்த வேலைக்கும் முன்பாக, தூக்கிய எஞ்சினுக்கு முட்டுக் கொடுங்கள். அது எண்ணெய் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. ஒரு வால்வைத் தளர்த்தினால் முழு எடையும் ஒரே மூச்சில் இறங்கிவிடும். தூக்கிய நிலையில் நிறுத்த எஞ்சினோடு வரும் டில்ட் தாங்கியை மட்டும் நம்பாமல், உறுதியான மரக்கட்டையோ சங்கிலிக் கப்பியோ வைத்துத் தாங்குவதே முறை. பம்ப் படகின் உள்ளே இருக்கும் வகையாயின், பெட்ரோல் ஆவி தங்கியிருக்கக் கூடும் என்பதால், மின் இணைப்பைத் தொடுவதற்கு முன் அந்த அறையை நன்றாகக் காற்றோட்டப்படுத்த வேண்டும்.

இப்போது சுவிட்சை அழுத்திக் காது கொடுங்கள். எந்த ஒலியும் இல்லை என்றால் ஃபியூஸ், சுவிட்ச், அதற்குச் செல்லும் வயர் ஆகியவற்றில் தேட வேண்டும். மோட்டாருக்கான பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்தச் சுவிட்சான ரிலே ‘டிக்’ என்று சொல்லி மோட்டார் அசையவில்லை என்றால் ரிலேயின் தொடுமுனை, பெரிய வயர்கள், மோட்டார் ஆகிய மூன்றில் ஒன்று. மோட்டார் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் நகரவில்லை என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டு எண்ணெய்ப் பக்கம் போகலாம்.

மின்சாரப் பக்கத்தில் முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் பேட்டரிகூட, மோட்டார் இழுக்கும் நேரத்தில் சரிந்துவிடலாம். ஆகவே மல்டிமீட்டரின் இரு முனைகளையும் மோட்டாரின் இரு வயர்களில் வைத்து, இன்னொருவரைச் சுவிட்சை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். பேட்டரியில் 12 வோல்ட் இருக்க மோட்டாரில் 8 வோல்ட்தான் வருகிறது என்றால், இடையில் எங்கோ 4 வோல்ட் தொலைகிறது. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகவும், பிறகு நெகட்டிவ் பக்கத்திலும் அதே போலவும் அளந்து வந்தால், அந்த இழப்பு எந்த இடத்தில் என்று மீட்டரே காட்டிவிடும். வெளியே பளபளப்பாகத் தெரியும் வயரின் உறையைச் சற்று உரித்தால், உள்ளே செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ மாறிப் பொடிந்திருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். உப்பு நீர் வயரின் உள்ளேயே ஏறிவிடும்.

ரிலேயைப் பற்றி ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. இரண்டு வயர் கொண்ட மோட்டார்களில், ஓய்வு நிலையில் இரு வயர்களும் இரண்டு ரிலேக்கள் வழியாக எர்த்தில், அதாவது பேட்டரியின் நெகட்டிவில், இருக்கும். ‘ஏற்று’ பொத்தானை அழுத்தும்போது ஒரு ரிலே தன் வயரைப் பாசிட்டிவுக்கு மாற்றுகிறது. மின்னோட்டம் திரும்பும் வழியோ, அசையாமல் இருக்கும் ‘இறக்கு’ ரிலேதான். எனவே ஏறுவது நின்றுபோனால் ஏற்றும் ரிலேதான் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. இறக்கும் ரிலேயின் எர்த் தொடுமுனை தேய்ந்திருந்தாலும் அதே விளைவுதான். இரண்டும் ஒரே மாதிரியானவையாக இருந்தால் இடம் மாற்றிப் பொருத்திப் பாருங்கள். ஏற்றத்தில் இருந்த கோளாறு இறக்கத்துக்கு மாறினால் பழுது ரிலேயில்தான்; இரண்டில் எது என்று ஆராய்வதைவிட இரண்டையும் சேர்த்து மாற்றுவதே என் பழக்கம்.

மோட்டாருக்கு முழு மின்னழுத்தம் வந்தும் அது அசையவில்லை என்றால் மட்டுமே அதைக் கழற்ற வேண்டும். பெரும்பாலும் மூடியின் சீல் வழியாக நீர் இறங்கி, துருப்பொடி சேர்ந்து, கார்பன் பிரஷ் தன் கூட்டிலேயே இறுகி நின்றிருக்கும். ஸ்பிரிங் தள்ளினாலும், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் வாங்கும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைப் பிரஷ் தொடாது. கூட்டைச் சுத்தம் செய்து, நுண்ணிய மணல்தாளால் கம்யூட்டேட்டரை மெல்லத் தேய்த்தால் சில மோட்டார்கள் மீண்டுவிடும். எமரித் தாள் வேண்டாம்; அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும்.

எண்ணெய்ப் பக்கத்தில் முதற்பார்வை அளவும் நிறமும். பெரும்பாலான அவுட்போர்ட்களில் எஞ்சினை முழுவதும் உயர்த்திய பிறகுதான் தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். வேறு நிலையில் திறந்தால் எண்ணெய் பீறிட்டு வெளியேறும். எஞ்சின் படகின் உள்ளேயும் இயக்கும் பகுதி வெளியேயும் இருக்கும் சில ஸ்டெர்ன் டிரைவ்களில் முழுவதும் இறக்கிய நிலையில் பார்க்க வேண்டும் என்பதால், கையேட்டைப் பார்த்துவிடுங்கள். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் நீர் கலந்திருக்கிறது. முழுவதையும் மாற்ற வேண்டும். கையேடு சொல்லும் எண்ணெயை மட்டுமே ஊற்றுங்கள். பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊறி உப்பிக் கெட்டுவிடும்.

எஞ்சின் ஏறி, பிறகு தானாகச் சரிகிறது என்றால், முதலில் கையால் இறக்குவதற்கான திருகு வால்வு இறுக்கமாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதை யாரோ தளர்த்திவிட்டு மறந்திருப்பது உண்டு. மூடியிருந்தும் சரிந்தால் அந்தத் திருகின் ஓ-ரிங், அடுத்து எண்ணெயை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வில் சிக்கிய தூசு, அதற்கடுத்து சிலிண்டரின் பிஸ்டன் சீல். செக் வால்வின் பந்துக்கும் அதன் இருக்கைக்கும் இடையே ஒரு நூலிழை கிடந்தாலே அழுத்தம் கசிந்துவிடும். அதனால்தான் பம்பைப் பிரிப்பதற்கு முன் வெளிப்புறத்தைக் கழுவித் துடைப்பதும், உள்ளே நூல் உதிராத துணியை மட்டும் பயன்படுத்துவதும் அவசியமாகின்றன. ரிவர்ஸில் எஞ்சின் தானாக மேலெழும்பினால் இறக்கப் பக்கத்து வால்வுகளைச் சோதியுங்கள். சிலிண்டர் தண்டைச் சுற்றி வெளியே எண்ணெய் கசிந்தால் சிலிண்டர் மூடியின் சீலை மாற்ற வேண்டும். அந்த மூடியைத் திறக்க இரண்டு முள் கொண்ட தனி ஸ்பேனர் வேண்டும், உளியால் தட்டித் திறந்தால் மூடி வீணாகிவிடும்.

புதிய ஓ-ரிங்குகளை அதே எண்ணெயில் நனைத்துப் பொருத்தி, தொட்டியை நிரப்பி, முட்டுக் கொடுத்ததை எடுத்துவிட்டு, எஞ்சினை முழுதாக ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் அளவைப் பார்த்து நிரப்பி, அசைவு நடுக்கமின்றிச் சீராகும் வரை நான்கைந்து முறை இவ்வாறு செய்தால் காற்று வெளியேறிவிடும். மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டாமல் இடையிடையே ஆறவிட வேண்டும். இறுதியாக எஞ்சினைப் பாதி உயரத்தில் நிறுத்தி, அடியில் யாரும் செல்லாதபடி பார்த்துக்கொண்டு, சிலிண்டர் தண்டு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். மறுநாள் காலையிலும் அதே அளவு இருந்தால் படகைத் தண்ணீரில் இறக்கலாம்.