இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒழுகும் ஆயில்

கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறி இறங்கும் காரில் பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் ஆயில் சொட்டினால், உடனே கியர்பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள். சொட்டை வெள்ளை அட்டையில் பிடித்து முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். பெரும்பாலும் இன்புட் ஷாஃப்ட் சீல் (கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) போயிருக்கும். தண்ணி மாதிரி இருந்து, பிரேக் ஆயில் டப்பாவிலும் அளவு குறைந்தால் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரை (பிரேக் ஆயில் அழுத்தத்தில் கிளட்சை விலக்கும் சிலிண்டர்) பாருங்கள்.

கருப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். அப்போதும் ரியர் மெயின் சீல் (இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் பின்பக்கம் வெளிவரும் இடத்து சீல்) தான் என்று முடிவு கட்ட வேண்டாம். இன்ஜின் மேல்மூடியின் கேஸ்கெட்டில் (வால்வ் கவர் கேஸ்கெட்) ஏற்படும் கசிவு பின்பக்கமாக வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். வீண்செலவு ஆவது இங்கேதான். டீகிரீசர் போட்டுக் கழுவி, காயவிட்டு, 20 கிலோமீட்டர் ஓட்டியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரத்தின் மேல்நுனிதான் கசிவு தொடங்கும் இடம். மேலே காய்ந்து, ஹவுசிங் அடி மட்டும் நனைந்திருந்தால் பெரும்பாலும் ரியர் மெயின் சீல்தான். மாற்றும் முன், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைக் கட்டாயம் சோதியுங்கள்: அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலும் கசியும்.