திறமூலத் திட்டத்துக்குக் கிரிப்டோ நன்கொடை: முகவரியை வெளியிடும் முன் செய்ய வேண்டியவை

திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஒரே ஒரு பிட்காயின் முகவரியை ஒட்டிவைப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பிட்காயின் பேரேடு எல்லார் பார்வைக்கும் திறந்தே கிடக்கிறது. அந்த முகவரிக்கு எப்போது எவ்வளவு வந்தது, அது பிறகு எங்கே போனது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் பெயர் ஏற்கெனவே கமிட்களில் (நிரலில் செய்த மாற்றங்களின் பதிவுகளில்) இருக்கிறது. கையிருப்பும் தெரிந்துவிட்டால் திருடனுக்கு வேறென்ன வேண்டும்? கொடுத்தவரின் முகவரியும் சேர்ந்தே அம்பலமாகிறது. அதனால் ஒரு நன்கொடைக்கு ஒரு புது முகவரி.

முதலில் நன்கொடைக்கென்றே தனி வாலட் (சாவிகளைக் காக்கும் மென்பொருள் அல்லது கருவி), தனி சீட் (அந்தச் சாவிகளை மீட்டெடுக்க உதவும் சொற்பட்டியல்). சொந்தப் பணம் இருக்கும் வாலட்டோடு கலக்க வேண்டாம். சாவியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் தனிக் கருவியான ஹார்டுவேர் வாலட்டில் உருவாக்கி, சீட்டின் 12 அல்லது 24 சொற்களையும் காகிதத்தில் எழுதுங்கள். போட்டோ எடுப்பதும் கிளவுடில் போடுவதும் கூடாது. எழுதியதும் கருவியில் உள்ளதை முழுக்க அழித்து (ரீசெட் செய்து), காகிதத்தைப் பார்த்தே மீட்டெடுத்து, முதல் முகவரி பழையதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பணம் வருவதற்கு முன் செய்தால் மட்டுமே இந்தச் சோதனைக்குப் பயன் உண்டு.

புது முகவரிகளைத் தானாகக் கொடுக்க, நீங்களே நடத்தக்கூடிய பிட்காயின் வசூல் மென்பொருளான பிடிசிபே சர்வர் போதும். ஹார்டுவேர் வாலட்டை ஸ்பாரோ என்ற கணினி வாலட்டில் இணைத்து, அங்கிருந்து எக்ஸ்பப்பை (முகவரிகளை உருவாக்க மட்டும் உதவும் பொதுச்சாவியை) மட்டும் எடுத்து சர்வரில் கொடுங்கள். பணத்தைச் செலவழிக்கத் தேவையான தனிச்சாவி சர்வர் பக்கமே போகாது. சர்வரோடு ஓடும் முழு பிட்காயின் நோடுக்கு (பேரேட்டின் பிரதியை வைத்துச் சரிபார்க்கும் மென்பொருளுக்கு) 600 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும்; பழைய தரவை நீக்கும் ப்ரூனிங் போட்டால் சில பத்து ஜிபியில் முடியும்.

சர்வருக்குள் யாராவது புகுந்தால் சேர்ந்த பணத்தைத் தொட முடியாது. ஆனால் உங்கள் எக்ஸ்பப்பை எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்துவிட்டால், அடுத்து வருவதெல்லாம் அவனுக்குப் போகும். இரண்டடுக்கு உள்நுழைவு கட்டாயம். அதோடு, அவ்வப்போது நன்கொடைப் பக்கம் காட்டும் முகவரியை ஹார்டுவேர் வாலட்டின் திரையிலேயே சரிபாருங்கள். எக்ஸ்பப் கசிந்தால் பழைய, இனி வரப்போகும் முகவரிகள் அத்தனையும் தெரிந்துவிடும். எக்ஸ்பப்போடு அதன் கீழுள்ள ஒரே ஒரு தனிச்சாவியும் சிக்கினால் மற்றச் சாவிகளையும் கணக்கிட்டுவிடலாம். எனவே ஒற்றைச் சாவியை ஒருபோதும் வெளியே எடுக்காதீர்கள்.

பலரைப் பதற வைக்கும் சிக்கல் ஒன்று உண்டு: பணம் வந்ததாக சர்வர் சொல்லும், வாலட்டில் இருக்காது. தொடர்ந்து 20 முகவரிகள் பயன்படாமல் கிடந்தால், வாலட் அதற்கு மேல் தேடாது. இதற்கு கேப் லிமிட் என்று பெயர். பாட்கள் (தானியங்கி நிரல்கள்) நன்கொடைப் பக்கத்தைத் திறந்து திறந்து முகவரிகளை வீணடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். ஸ்பாரோவில் கேப் லிமிட்டை 200, 500 என்று ஏற்றினால் பணம் தெரியும். பக்கம் திறந்ததும் முகவரி உருவாகாமல், பட்டனை அழுத்திய பிறகே உருவாகும்படி வையுங்கள்.

செலவழிக்கும்போதும் கவனம் வேண்டும். பல முகவரிகளில் இருப்பதை ஒரே பரிவர்த்தனையில் சேர்த்தால், எல்லாம் ஒருவருடையது என்று பார்ப்பவர் ஊகித்துவிடுவார். ஸ்பாரோவில் எந்தக் காயின் போக வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நன்கொடையோடு நன்கொடையை மட்டும் சேருங்கள். சிறு தொகைக்கு இன்னொரு கணக்கும் உண்டு: செக்விட் (bc1q-இல் தொடங்கும்) முகவரியிலிருந்து வரும் ஒவ்வொரு உள்ளீடும், அதாவது செலவழிக்கும் ஒவ்வொரு நன்கொடையும், பரிவர்த்தனையில் சுமார் 68 விபைட் (அளவு அலகு) பிடிக்கும். கட்டணம் விபைட்டுக்கு 50 சதோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) என்றால் அதற்கே 3,400 சதோஷி. 3,000 சதோஷி நன்கொடையை அன்றைக்குச் செலவழித்தால் நஷ்டம்தான். பக்கத்தில் குறைந்தபட்சத் தொகை வையுங்கள்.

சர்வர் நடத்த முடியாதவர்களுக்கு மொனேரோ என்ற வேறொரு கிரிப்டோ நாணயம்தான் நல்ல வழி. அனுப்பியவர், பெறுபவர், தொகை மூன்றையும் அது மறைக்கிறது. ஒரே முகவரியை நிரந்தரமாக வெளியிடலாம். 4-இல் தொடங்கும் முதன்மை முகவரியைக் கொடுக்காமல், 8-இல் தொடங்கும் துணை முகவரியைக் கொடுங்கள், திட்டத்துக்கு ஒன்றாக. ஒன்றையே இரண்டு இடத்தில் போட்டால் இரண்டும் ஒருவருடையவை என்று தெரிந்துவிடும். வந்த பணம் 10 பிளாக், அதாவது சுமார் 20 நிமிடம் கழித்தே செலவாகும். பிறர் நோடைப் பயன்படுத்தினால் ஐபி முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக இணையுங்கள்; இல்லையென்றால் உங்கள் ஐபி அவர்களுக்குத் தெரியும். கிரிப்டோவை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சான பைனான்ஸ் 2024 பிப்ரவரியில் மொனேரோவை நீக்கியது. வேறு சில எக்ஸ்சேஞ்சுகளிலும் அது இல்லை. எங்கே மாற்றுவது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

எதீரியம் வேண்டுமென்றால் தனிக் கணக்கு திறங்கள். கேஸ் எனப்படும் பரிவர்த்தனைக் கட்டணத்துக்காகச் சொந்தக் கணக்கிலிருந்து சிறிதளவு அனுப்பினாலும் இரண்டும் இணைந்துவிடும்.

எக்ஸ்சேஞ்ச் கொடுக்கும் டெபாசிட் முகவரியை எங்கும் வெளியிட வேண்டாம். சாவி உங்களிடம் இல்லை, கணக்கை அவர்கள் முடக்கலாம்.

கடைசியாக, முகவரியை யாரும் மாற்றிவிடாமல் காக்க வேண்டும். மொனேரோ முகவரியையும் நன்கொடைப் பக்கத்தின் இணைப்பையும் ஒரு கோப்பில் எழுதி, ஜிபிஜி (டிஜிட்டல் கையொப்ப மென்பொருள்) சாவியால் கையொப்பமிட்டு ரெப்போவில் (திட்டத்தின் கோப்புக் களஞ்சியத்தில்) வையுங்கள். சாவியின் ஃபிங்கர்பிரிண்ட் (அதை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீடு) ரெப்போவுக்கு வெளியே வேறோர் இடத்திலும் இருக்கட்டும். அந்தக் கோப்பைத் தொடும் எந்த புல் ரிக்வெஸ்ட்டும் (பிறர் அனுப்பும் மாற்றக் கோரிக்கையும்) உங்கள் ஒப்புதல் இல்லாமல் மெர்ஜ் ஆகாதபடி கிளையைப் பூட்டுங்கள். எழுத்துப்பிழை திருத்தம் என்ற பெயரில் வரும் புல் ரிக்வெஸ்ட்டில் முகவரியும் சேர்ந்து மாறியிருக்கலாம். அப்போது முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கையும் மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். அவை பொருந்தும்படி முகவரி தயாரிக்க முடியும். முழுவதையும் ஒப்பிடுங்கள்.